பதினான்கு ஊக்குகள்

முதல் ஃப்ரேமில் அவள்
கைகளை இருபுறமும் நீட்டி நிற்கிறாள்.
இங்கே எல்லாரும் அப்படித்தான் பிறக்கிறார்கள்,
இந்திராநகர் மெட்ரோவுக்குப் பின்தெருவில், மூன்றாம் மாடியில்,
அழ வாய் திறக்காமல்,
அக்குளில் வியர்வை இல்லாமல்.

கோப்பில் அவள் பெயர் பெண்_ஏழு.
ஆறு பேர் என்ன ஆனார்கள் என்று
வேலைக்குச் சேர்ந்த அன்றே கேட்டிருக்க வேண்டும்.

புடவை தட்டையாக வருகிறது.
ஐந்தரை மீட்டர், நாற்பதாயிரம் புள்ளி.
ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியின்
கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.
எவ்வளவு இறுக்கிப் பிடிக்கலாம், எப்போது விடலாம்
என்பதை நான் சொல்ல வேண்டும்.
பட்டுக்கு ஓர் எண். ஜார்ஜெட்டுக்கு ஓர் எண்.
துவைத்துத் துவைத்து அடங்கிப்போன
வாயில் புடவைக்கு என்ன எண்?
பட்டியலில் இல்லை.
ராஜ்யோத்ஸவத்துக்காக இன்று நான் கட்டியிருந்தது அதுதான்.
மடியில் ஒரு விளிம்பை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்து
குத்துமதிப்பாக ஒன்றைப் போட்டேன்.

வாடிக்கையாளர் கேட்ட தோரணை:
முக்காலியில், ஒரு காலை மடித்து,
பின்னால் திரும்பிச் சிரிக்க வேண்டும்.
நிற்பவள் உட்கார அறுபது ஃப்ரேம்.
முப்பத்தெட்டில் முழங்கால்
கொசுவத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது.
நாற்பத்தொன்றில் புடவை வெடித்தது.
வெடித்தது என்றால் வெடித்ததுதான்:
முந்தானை முள்முள்ளாய்க் கூரைவரை நீள,
திரையெங்கும் ஜரிகைச் சிதறல்.
பக்கத்து மேசை நந்தீஷ்
மஞ்சள் சிவப்புச் சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டு
"தீபாவளி முடிஞ்சிடுச்சே" என்றான்.

துணி தன்மேல் தானே படுவது
கணக்குக்குப் பிடிப்பதில்லை.
மடிப்புக்குள் மடிப்பு,
எது உள்ளே எது வெளியே என்று குழம்பிய நொடியில்
எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடுகிறது.

தோளில் பதினான்கு புள்ளிகளுக்கு ஊக்கு குத்தினேன்.
இனி அவை விழாது. காற்றுக்கு அசையாது.
புவியீர்ப்பை இரட்டிப்பாக்கினாலும்
அந்தப் பதினான்கும் சொன்ன இடத்தில் நிற்கும்.

பிறகு எல்லாரும் செய்கிற ஒன்றைச் செய்தேன்.
துணி மூடுகிற இடத்திலெல்லாம் உடம்பை மறைத்தேன்.
வயிறு போனது. தொடை போனது.
ஒரு தலை, இரண்டு முன்கை, பாதங்கள்,
நடுவே யாரும் இல்லாமல் உப்பிய புடவை.
பார்வைக்குத்தான் இல்லை;
மோதலுக்கு இருக்கிறாள்.
துணிக்கு அவளைத் தெரிகிறது.
இல்லாத இடுப்பைச் சுற்றிவந்து
இருக்கிற இடுப்பின்மேல் அமர்வதுபோல
அமர்கிறது.

ஆறு மணிக்கு வாடிக்கையாளர் பார்த்தார்.
"பிரமாதம். வயித்துக்கிட்ட அந்தச் சுருக்கம் மட்டும் வேண்டாம்."
"உட்கார்ந்தா சுருங்கும் சார்."
"வாங்கறவங்களுக்கு அது தெரிய வேண்டாமே."
விறைப்பைக் கூட்டினேன்.
அட்டையில் வெட்டியதுபோல் ஆனது புடவை.
"இதேதான்" என்றார்.

இரவு ஒன்பதரை.
இன்னும் பதினோரு மணி நேரம் காட்டியது ரெண்டர்.
யாரும் அணைத்துவிடக் கூடாதென்று
விசைப்பலகைமேல் ஒரு சீட்டு ஒட்டிவிட்டு இறங்கினேன்.

மெட்ரோவில், பெண்களுக்கான மறைப்புக்குள்,
மரப்பலகைமேல் ஏறி
கைகளை இருபுறமும் நீட்டி நின்றேன்.
காவலரின் கருவி இடப்புறம் இறங்கி
வலப்புறம் ஏறி
தோளில் கத்தியது.
"ஏனு?"
"பின்னு."
விரலால் தடவிப் பார்த்தாள்.
ஒன்றே ஒன்று, அத்தனை மடிப்புக்கும் சேர்த்து.
துணி அந்த இடத்தில்
கொஞ்சம் கிழியத் தொடங்கியிருந்தது.
காலையிலிருந்து உட்கார்ந்த சுருக்கம் வயிற்றில் அப்படியே.
கருவி அதைக் கடந்தபோது ஒன்றும் சொல்லவில்லை.

"ஹோகி" என்றாள்.
கைகளை இறக்கினேன்.
முந்தானை தானாக வந்து
முழங்கைமேல் விழுந்தது.
எனக்குப் பின்னால் அடுத்தவள்
பையைக் கீழே வைத்துவிட்டு
ஏறி, நீட்டினாள்.